'க.' எப்படி 'மு.' ஆனது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



"வீட்டுக் கணினியில் புதிய ஆபீஸ் செயலிக்கு மாறியிருக்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். நான் கணினி ஆசிரியர் இல்லை. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. நான் பி.எட். படித்த காலத்தில் கற்பித்தல் துணைக்கருவி என்றால் சார்ட் அட்டையும் தெர்மகோலும் ஸ்கெட்ச் பேனாவும்தான். அதனால் இதை ஒரு பயிற்சி வகுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப்போகிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்கதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணினி 2013-இல் வாங்கியது. அதிலிருந்த ஆபீஸ் தொகுப்பு, கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தந்திருக்கேன் மேடம்" என்று சொல்லி ஏற்றித் தந்தது. உரிமம் இல்லாத பிரதி என்பது அப்போதே எனக்குத் தெரியும். தேர்வு அறையில் பக்கத்துத் தாளைப் பார்க்கும் பிள்ளையைப் பிடிக்கிற நான், வீட்டில் பதினோரு ஆண்டுகள் அதில்தான் வினாத்தாள் அடித்தேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் இதே நிலை என்று கேட்டால், சிரிப்பு நின்றுவிடும். கேட்கவில்லை.

மாற வேண்டிய கட்டாயம் ஒழுக்கத்தால் வரவில்லை, தேர்ச்சிப் பகுப்பாய்வுப் படிவத்தால் வந்தது. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் எக்செல்லில் அருமையாகத் தயாரித்துத் தந்தார். என் கணினியில் திறந்தால் மதிப்பெண் வர வேண்டிய கட்டங்களில் பிழைக் குறிதான் வந்தது. அவர் எக்ஸ்லுக்கப் என்ற புதிய சூத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார். பழைய தொகுப்புகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றதே நின்னு பல வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடத்துப் பென் டிரைவை எல்லாம் இதுலதான் சொருகுறீங்களா?" என்றான்.

காலாண்டு விடுமுறையில் உட்கார்ந்தோம். காசு கொடுத்து வாங்குவது ஒரு வழி. ஆண்டுச் சந்தா கட்டுவது இன்னொரு வழி. நான் தேர்ந்தெடுத்தது லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸ் என்று முன்பு ஒன்று இருந்தது நினைவிருக்கும். அதிலிருந்து 2010-இல் பிரிந்து வந்தது இது. டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. கட்டற்ற மென்பொருள், பணம் இல்லை, உரிம எண் இல்லை, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இதுபோன்ற கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. நான் நிறுவியது 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பு. எக்ஸ்லுக்கப் சூத்திரம் அதில்தான் முதன்முதலில் சேர்ந்தது என்பதால் என் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது.

நிறுவுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பதிவிறக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தினால் முடிந்தது. வேர்டுக்குப் பதில் ரைட்டர், எக்செல்லுக்குப் பதில் கால்க், பவர்பாயிண்டுக்குப் பதில் இம்ப்ரெஸ். மேலே பழகிய பட்டை இல்லையே என்று தோன்றினால் வியூ என்பதில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டு என்று தேர்ந்தெடுங்கள், ஏறக்குறைய பழைய முகம் வந்துவிடும். ஒன்றே ஒன்று முதல் நாளே செய்துவிடுங்கள். இந்தத் தொகுப்பு தன் சொந்த வடிவத்தில்தான் கோப்பைச் சேமிக்கும். நான் அப்படிச் சேமித்து அனுப்பிய கூட்ட அறிக்கை எங்கள் தலைமையாசிரியரின் கைபேசியில் திறக்கவில்லை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ் என்று போய், எப்போதும் வேர்டு வடிவத்திலும் எக்செல் வடிவத்திலும் சேமிக்கும்படி மாற்றிக்கொண்டேன். வினாத்தாளை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். அதற்கு ஒரு பொத்தான் மேலேயே இருக்கிறது.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

பழைய கோப்புகளைத் திறந்தேன். 2013 முதல் சேர்த்த 412 கோப்புகள். முதலில் திறந்தது ஏழாம் வகுப்பு வினாத்தாள். 'பொருத்துக' பகுதி சிதறிக் கிடந்தது. அக்பருக்கு எதிரே இருக்க வேண்டியது அடுத்த வரியில் தொங்கியது. புதிய செயலியைத் திட்டிக்கொண்டே பார்த்தால், குற்றம் என்னுடையது. இரண்டு பத்திகளையும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கியிருக்கிறேன். எழுத்துருவின் அகலம் கொஞ்சம் மாறினால் அந்த இடைவெளியும் மாறத்தானே செய்யும்? ஒரு டேபிள் போட்டு, கோடுகளை மறைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம், தமிழ்.

நம்மில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பாமினியில் அடித்தவர்கள்தான். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று நீங்கள் அடித்திருந்தால், திரையில்தான் அது அம்மா. கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகள். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டதுதான் அந்த எழுத்துரு. சட்டையைக் கழற்றினால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைபேசியிலோ திறந்தால், உள்ளே இருக்கும் ஆங்கிலக் குப்பை தெரியும். வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கையை ஒட்டும்போது பலமுறை பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு வேடிக்கை. பாமினியில் அடித்த வகுப்புப் பட்டியலை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் யாமினி முதலில் வருவாள், கவிதா அடுத்து, அகிலா அவளுக்கும் பின்னால். ஏனென்றால் 'ய' இருப்பது ஏ என்ற ஆங்கில விசையில், 'க' எஃப்பில், 'அ' எம்மில். செல்வி, தென்றல், பெருமாள் மூவரும் ஒன்றாக நிற்பார்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடிக்க வேண்டும், அதனால் மூவருக்கும் முதல் எழுத்து கொம்புதான். பல ஆண்டுகளாகக் கணினிக்குத் தமிழ் அகர வரிசை தெரியாது என்று நினைத்து, கையால் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நான் அடித்ததைக் கணினி ஒருநாளும் தமிழாகவே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

யூனிகோடில் அப்படியில்லை. தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 'க' என்றால் உலகில் எந்தக் கருவியிலும் 'க'தான். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. நான்தான் 2024 வரை வந்து சேரவில்லை.

புதிய செயலியில் பாமினியே திறக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் நன்றாகவே தெரியும். ஆனால் வீடு மாறும்போதுதானே பரணைக் காலி செய்கிறோம்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு எழுத்துரு மாற்றி என்ற செயலிகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பழைய உரையை ஒரு பெட்டியில் ஒட்டி, பொத்தானை அழுத்தினால், மறுபெட்டியில் யூனிகோடு வந்து விழும். விடுமுறை முடிவதற்குள் நூற்றைம்பது கோப்புகளுக்கு மேல் மாற்றிவிட்டேன். அவற்றில் ஒன்று என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது நான் அடித்துவைத்தது. 38 பேர்.

நவம்பரில் பொதுத்தேர்வுக்கான விவரம் சரிபார்க்கும் வேலை வந்தது. வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நெஞ்சு படபடக்கும் வேலை என்று. சான்றிதழில் ஏறிய பெயரைத் திருத்துவது மலையைப் புரட்டுகிற வேலை. என் தங்கைக்கு இனிஷியல் ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் வேறாகவும் இருந்ததால், அப்பா தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடந்த நடையைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அதனால் எமிஸில் இருக்கும் விவரத்தைத் தொடுவதற்கு முன், என்னிடமிருந்த தமிழ்ப் பட்டியலை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அதைப் பார்த்துத் தமிழ்ப் பெயர்களை ஒப்பிட்டுத் திருத்துவது என் திட்டம்.

அந்தப் பட்டியலில் 23 பேருக்கு இனிஷியலை ஆங்கிலத்திலும் பெயரைத் தமிழிலும் அடித்திருந்தேன். ஒரே கட்டத்தில் ஆங்கில கே, ஒரு புள்ளி, பிறகு எழுத்துருவை மாற்றிப் பாமினியில் பெயர். அப்போது அப்படி ஒரு பழக்கம். மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது சட்டை போட்ட தமிழ் என்று எப்படித் தெரியும்? எல்லாமே அதற்கு ஆங்கில எழுத்துதான். எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. பெரிய எழுத்து எஸ் என்பது பாமினியில் 'ளு'. ஆகவே எஸ். போட்டிருந்த பிள்ளைகள் எல்லாம் 'ளு.' ஆனார்கள். டி. போட்டவர்கள் 'னு.' ஆனார்கள். என். போட்டவர்களுக்கு இரட்டைக்கொம்பு மட்டும் ஒரு புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் நின்றது. பார்த்ததும் சிரித்தேன். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அப்பா பெயரைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அப்படி 11 பேர்.

மீதி 12 பேரை நான் பார்க்கவே இல்லை. ஏன் தெரியுமா? அவை சரியாக இருந்தன. பாமினியில் பெரிய எழுத்து கே என்பது 'மு'. ஆர் என்பது 'சு'. எம் என்பது 'ஆ'. ஜி என்பது 'பு', ஜே என்பது 'து', வி என்பது 'ஏ'. முருகன், சுப்பிரமணி, ஆறுமுகம், புகழேந்தி, துரை, ஏழுமலை என்று நம் ஊரில் அப்பாக்களே இல்லையா என்ன? 'மு.' என்று பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? வெளிப்படையாகத் தெரிந்த தப்பை எல்லாம் திருத்திவிட்ட திருப்தியில், "அட, மற்ற இனிஷியலை எல்லாம் இதுவே தமிழாக்கிவிட்டதே" என்று மகிழ்ந்துகூடப் போனேன். அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அச்செடுத்த தாள் வகுப்பில் சுற்றியது. 26 பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. தாளைக் காட்டி, "டீச்சர், எங்க அப்பா பேரு கண்ணன். தாத்தா பேருதான் முருகேசன். இப்ப தாத்தா பேரைத்தான் போடணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. எமிஸில் பார்த்தேன், ஆங்கிலத்தில் கே. என்றுதான் இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் கண்ணன். என் தாளில் 'மு.'. அவளுக்கு முருகேசன் என்று ஒரு தாத்தா இருந்ததால் அவள் அதற்கு ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டுவிட்டாள்.

தாளைத் திரும்ப வாங்கி முதலிலிருந்து பார்த்தேன். கையெழுத்துப் போட்ட 26 பேரில் 8 பேருக்கு இனிஷியல் தவறு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்களில் ஒரு பையன், வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவன், சொன்னான்: "பார்த்தேன் டீச்சர். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவன் அப்பா பெயர் ராஜேந்திரன். அவன் 'சு.' என்ற எழுத்துக்கு எதிரே அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

இதை நான் எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது, "கம்ப்யூட்டர் பண்ணின தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பாமினி கே-வைக் கொடுத்தால் 'மு' தர வேண்டும், தந்தது. கண்ணுக்கு உறுத்தியதை மட்டும் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டு, உறுத்தாததை விட்டது நான். விடைத்தாள் திருத்தும்போதும் நாம் இதையேதான் செய்கிறோம் என்று தோன்றுகிறது. அழகான கையெழுத்தில் எழுதிய தவறான விடை எத்தனை முறை நம்மைத் தாண்டிப் போயிருக்கிறது? சரி, அது வேறு பேச்சு.

பிறகு எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடமும் இப்படிப்பட்ட பட்டியல்கள் இருக்கும்.

பழைய கோப்புகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் அப்படியே பிரதி எடுத்து, அதைத் தொடுவதில்லை என்று வைத்துவிட்டேன். நல்லவேளையாக இதை முதல் நாளே செய்திருந்தேன், மகன் சொன்னதால். அந்தப் பிரதியிலிருந்து பட்டியலை மறுபடி எடுத்து, கால்க்கில் டேட்டா என்பதில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் வழியாக, புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டி, இனிஷியலை ஒரு பத்தியாகவும் பெயரை ஒரு பத்தியாகவும் பிரித்தேன். பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றிக்குக் கொடுத்தேன். இனிஷியல் பத்தியை எந்தச் செயலியிடமும் கொடுக்கவில்லை. ஆங்கில கே என்பது தமிழில் 'க'வா, 'கா'வா, 'கு'வா, 'கோ'வா என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது. அது அந்தப் பிள்ளையின் அப்பா பெயர் தெரிந்தவருக்குத்தான் தெரியும். பதிவேட்டைப் பார்த்து 38 பேருக்கும் கையால் அடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பத்தி பத்தியாகத் தமிழும் ஆங்கிலமும் கலந்த குறிப்புகளுக்கு ரைட்டரில் வேறு வழி இருக்கிறது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் பெட்டியில் ஃபார்மேட் என்ற பொத்தான் வழியாக, சொல்லுக்குப் பதிலாக எழுத்துருவையே தேடச் சொல்லலாம். பாமினியில் இருப்பதை மட்டும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காட்டும். எங்கே ஆங்கிலம் ஒளிந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

யூனிகோடுக்கு மாறிய பின் இன்னொரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். ரைட்டரில் எழுத்துருவை மாற்றுவீர்கள், அளவை 14 ஆக்குவீர்கள். ஸ்டைலில் மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். தமிழைக் கூட்டெழுத்து மொழிகளோடு சேர்த்து காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ் என்று போய், அந்தப் பிரிவில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதற்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் கொடுக்கலாம். நான் மருதம் எழுத்துரு வைத்திருக்கிறேன். விண்டோஸோடு வரும் நிர்மலாவும் போதும்.

தட்டச்சு? பாமினி விசைகளுக்கே பழகிய விரல்களுக்கு, அதே விசையமைப்பில் யூனிகோடு தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகள் இருக்கின்றன. நான் பிடிவாதமாகத் தமிழ் 99 கற்றுக்கொண்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை அது. உயிர் எல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அம்மா அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. இரண்டு ம வந்தால் முதல் ம-வுக்குத் தானே புள்ளி விழும். மூன்று வாரம் விரல் திண்டாடியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர்களுக்கு நான்கு நாள் ஆனது. உயிர் மெய் சேர்ந்து உயிர்மெய் என்பதை விரலால் படிக்கிறார்கள், அதனால் இருக்கலாம்.

மாற்றிய நூற்றைம்பது கோப்புகளையும் மறுபடி பார்த்து வருகிறேன். இன்னும் ஐம்பதுக்கு மேல் இருக்கிறது. போன மாதம் எட்டாம் வகுப்புக் குறிப்பு ஒன்றில் ஒரு மன்னனின் ஆங்கில அடைப்புக்குறிப் பெயர் முழுதும் ஏதோ மந்திரம் போலத் தமிழில் நின்றது. அது பரவாயில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணின் பெயர் 'க.' என்ற தலைப்பெழுத்தோடு சரியாகப் போய்விட்டது. திருத்திய தாளை இரண்டாம் முறை சுற்றுக்கு விட்டபோது, கையெழுத்துப் போடுவதற்கு முன் பக்கத்தில் உள்ளவரின் பெயரையும் படித்துப் பார்க்கச் சொன்னேன். தப்பு கண்டுபிடிப்பவருக்கு ஒரு பேனா என்றேன். இருவர் பேனா வாங்கினார்கள். ஒன்று எழுத்துப்பிழை. இன்னொன்று சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருந்த தவறு, நான்கு ஆண்டுகளாக யாரும் கவனிக்காதது.

தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. பழைய பட்டியல்களைப் பென் டிரைவில் கொண்டுவந்திருப்பவர்கள் இருந்தால் என் மடிக்கணினி அந்த மேசையில்தான் இருக்கிறது. முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.